கலிபோர்னியா ஸெஃபிருக்கு ஒரு குரல்

வரதராசாவின் தொலைக்காட்சி நிலையம் பிரெஞ்சுத் தலைநகரில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் வடக்கு முனையில், ஒரு புடவைக்கடைக்கு மேலே இருந்தது. நிலையம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். இணையத்தில் ஓடும் சின்னச் சேவை. ஓர் அறையில் கணினிகள், மற்ற அறையில் ஒலிவாங்கி. ஒலிப்பதிவு அறையின் சுவர்களில் பழைய மெத்தை விரிப்புகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அப்படியும் அருகிலிருந்த லா சப்பல் பாலத்தில் மெத்ரோ ரயில் போகும்போதெல்லாம் பதிவை நிறுத்தத்தான் வேண்டியிருந்தது.

2015ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அவருக்கு ஒரு பிரெஞ்சு விவரணப்படம் கிடைத்தது. சிக்காகோவில் புறப்பட்டு, மலைகளைக் கடந்து, அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு ஓடிய ‘கலிபோர்னியா ஸெஃபிர்’ என்ற பயணிகள் ரயிலின் வரலாறு அது. தமிழில் குரல் கொடுத்து ஒளிபரப்ப அனுமதி வாங்கியிருந்தார்.

“ரயில் எண்டால் எங்கடை சனம் கட்டாயம் பாக்கும்” என்றார் வரதராசா. பல ஆண்டுகளாக நின்றிருந்த யாழ்ப்பாண ரயில் மறுபடியும் ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

மொழிபெயர்க்கச் சூசைநாதனைப் பிடித்தார். சூசைநாதன் பாண்டிச்சேரிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். புறநகரான பொண்டியின் நகரசபையில் பிறப்பு, திருமணம், இறப்புப் பதியும் பிரிவில் வேலை. மனைவி மரியமலர் புற்றுநோயில் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மகன் லூடோவிக் லியோனில் குடும்பத்தோடு இருந்தான். பொண்டியில் அவருக்கு ஒரு தனிவீடு. மேல்மாடி பூட்டிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் மிச்சப் பகலை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தவர், மொழிபெயர்ப்பு என்றதும் உடனே சம்மதித்தார்.

குரலுக்குச் சிவனேஸ்வரி. போன ஆவணியில் லா சப்பல் பிள்ளையார் தேர் அன்று, தெருவெல்லாம் தேங்காய் உடைந்து சிதறும் இரைச்சலில், ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் கேட்டது: “நீலச் சட்டை போட்ட பிள்ளை ஒண்டு எங்களோடை நிக்குது. அழேல்லை. அம்மா ஆறுதலா வரலாம்.” கத்தவில்லை, ஆனாலும் தெருமுனை வரைக்கும் கேட்டது. அழவில்லை என்று சேர்த்துச் சொன்னதில்தான் வரதராசா மயங்கிப்போனார். விசாரித்துப் பார்த்தார். விசுவமடுப் பக்கத்துப் பெண், நாற்பதை நெருங்கும் வயது. ஊரில் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளில் அறிவிப்புச் செய்தவள். இங்கே காற் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் அறைகள் துப்புரவாக்கும் வேலை. வில்லியே லே பெல் என்ற புறநகரில், எட்டு வயது மகள் சுதர்சனாவோடு குடியிருந்தாள்.

முதல் ஞாயிறு பின்னேரம் மூவரும் கூடினார்கள். சிவனேஸ்வரி தாளை ஒருமுறை மனத்துக்குள் வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அண்ணை, ஸெஃபிர் எண்டால் தென்றல் எண்டு எழுதியிருக்கிறியள்.”

“ஆமாங்க. மெல்லிய காத்து. தென்றல்தானே?”

“தென்றல் தெற்காலை வாறது. கீழை நீங்களே மேற்குக் காத்து எண்டும் எழுதியிருக்கிறியள். எங்கடை பக்கம் மேற்குக் காத்துக்குக் கச்சான் எண்டு பேர்.”

சூசைநாதன் விழித்தார். “கச்சான்னா வேர்க்கடலை இல்லையா? கீழ மளிகைக் கடையில பாக்கெட்ல அப்படித்தானே போட்டிருக்கு.”

“அதுவும் கச்சான்தான்.”

வரதராசா கணினி அறையிலிருந்து சிரித்தார். “கலிபோர்னியாக் கச்சான்! ஐயோ, ஸெஃபிர் எண்டே விடுங்கோ. சனம் கடலை வறுக்கிற படம் எண்டு நினைக்கப் போகுது.”

அப்படித்தான் தொடங்கியது. திரையில் வெள்ளியாய் மின்னும் பெட்டிகள் வந்தன. சிவனேஸ்வரி ஒலிவாங்கிக்கு முன்னால் வாசித்தாள். 1949 மார்ச் மாதம் அந்த ரயில் ஓடத் தொடங்கியது. மூன்று கம்பனிகள் தங்கள் தங்கள் தண்டவாளத்தை ஒன்றோடொன்று இணைத்து அதை நடத்தின. பெட்டிகளுக்கெல்லாம் ‘வெள்ளி’ என்று தொடங்கும் பெயர்கள். முதல் ஓட்டத்தில் பெண் பயணிகளுக்கு ஹவாயிலிருந்து விமானத்தில் வந்த ஓர்கிட் பூக்கள் கொடுத்தார்கள். வேகத்தைக் காட்டி ஆள் பிடிக்கவில்லை; கொலராடோ மலைகளைப் பகல் வெளிச்சத்தில் கடக்கும்படியாக நேரம் வகுத்தார்கள். பெட்டிக் கூரைக்கு மேலே கண்ணாடிக் கூடாரம் கட்டி, அதற்குள் இருக்கை போட்டார்கள். போர்க்காலத்தில் எஞ்சினில் ஏறி ஒரு பள்ளத்தாக்கைக் கடந்த அதிகாரி ஒருவருக்கு, ஓட்டுநர் மட்டும் பார்க்கும் இந்தக் காட்சியைப் பயணிகளும் பார்த்தால் என்ன என்று தோன்றியதாம். அதிலிருந்து பிறந்தது அந்தக் கண்ணாடிக் கூடாரம்.

“நீங்க ஊர்ல நிறைய ரயில்ல போயிருப்பீங்க” என்றார் சூசைநாதன், மெத்ரோவுக்காக நிறுத்திய ஓர் இடைவெளியில்.

“இல்லையண்ணை. கிளிநொச்சியிலை கோச்சி ஓடின காலத்திலை நான் சின்னப் பிள்ளை. ஏறக் கிடைக்கேல்லை. பிறகு தண்டவாளமே இல்லை. நான் முதல்முதல் ரயில் ஏறினது இஞ்சை, இந்த ஆர்.ஈ.ஆரிலைதான். அதுவும் மாறி ஏறிப்போட்டன்.”

அடுத்த பக்கத்தில் ஓர் இளம்பெண் சீருடையோடு வந்தாள். ரயிலுக்கு ஒருத்தியாக, கலியாணமாகாத பெண்களை அந்த வேலைக்கு எடுத்தார்கள். ஸெஃபிரெத் என்று அவர்களுக்குப் பெயர். சூசைநாதன் ‘ரயில் பணிப்பெண்’ என்று எழுதியிருந்தார். சிவனேஸ்வரி அங்கே நின்றுவிட்டாள்.

“பணிப்பெண் எண்டால் நான். கட்டில் விரிக்கிறது, குளியலறை கழுவிறது. இவ ஒலிபெருக்கியிலை மலையைக் காட்டிறா, ஆத்தைக் காட்டிறா, ஆர் எத்தினை மணிக்குச் சாப்பிடப் போகலாம் எண்டு சொல்லிறா.”

“குழந்தைகளையும் பார்த்துக்கிறாங்க. அடிபட்டா மருந்து போடறாங்க.”

“அதெல்லாம் செய்யட்டும். அறிவிப்பாளர் எண்டு போடுங்கோ.”

சூசைநாதன் பேனாவால் வெட்டி, மேலே ‘அறிவிப்பாளர்’ என்று எழுதினார். அவருக்கு அது பிடித்திருந்தது. வேலையில் அவர் எழுதும் வார்த்தையை யாரும் இப்படி நிறுத்திக் கேள்வி கேட்டதில்லை. வீடு திரும்பும் ரயிலில் அவள் குரல் காதிலேயே இருந்தது. ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டு இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டது அவருக்கே வேடிக்கையாகப் பட்டது.

அடுத்த ஞாயிறு அவர் நேரத்தோடு வந்து, கீழே தெருவிலிருந்த தேநீர்க்கடையில், தாயோடு வரும் சுதர்சனாவுக்கு ஒரு பாண் ரொட்டியும், சிவனேஸ்வரிக்கு இஞ்சித் தேநீரும் வாங்கி வைத்திருந்தார். வரதராசா அதைப் பார்த்துவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைய பகுதி ரயில் தளர்ந்த கதை. விமானங்கள் வந்தன, பெருந்தெருக்கள் வந்தன. கண்ணாடிக் கூடாரங்களில் கோடையில் மட்டும் இடம் நிரம்பியது. மூன்று கம்பனிகளில் மேற்கே இருந்த கம்பனி, இனி நடத்த முடியாது என்று அரசிடம் போனது. ஒருமுறை அனுமதி கிடைக்கவில்லை. மறுபடி போனது. கடைசியில் கிடைத்தது. சிறு சிறு நிலையங்களில் மனிதர்கள் குளிருக்குச் சட்டையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ரயிலைப் பார்த்துக் கை காட்டுவது திரையில் ஓடியது.

தாளில் இருந்தது: ‘1970 மார்ச் மாதம் கலிபோர்னியா ஸெஃபிர் இறந்தது.’

சிவனேஸ்வரி வாசித்தாள்: “1970 மார்ச் மாதம் கலிபோர்னியா ஸெஃபிர் நின்றது.”

சூசைநாதன் கையை உயர்த்தினார். “இறந்தது.”

அவள் தலையாட்டிவிட்டு மறுபடி வாசித்தாள். மறுபடியும் “நின்றது” என்றுதான் வந்தது.

“மன்னிச்சுக்குங்க. பிரெஞ்சுல ‘மோர்’ன்னு தெளிவா இருக்குது. இறந்தது. அதான் அந்த இடத்துல படத்தோட உயிரே.”

“ரயில் சாகாதண்ணை.”

“அது ஒரு அழகுக்குச் சொல்றது.”

“பிறகு என்ன எழுதியிருக்கிறியள் எண்டு பாருங்கோ. நடுவிலை இருந்த கம்பனி விடேல்லை. அந்த வெள்ளிப் பெட்டியளை வைச்சுக்கொண்டு, தன்ரை மலைக்குள்ளை மட்டும் கிழமைக்கு மூண்டு தரம் ஓட்டிக்கொண்டே இருந்தது. எண்பத்துமூண்டாம் ஆண்டு முழு ரயிலும் திரும்ப வந்தது. செத்தது எப்பிடித் திரும்ப வரும்?”

“மதாம், நான் மொழிபெயர்க்கிறேன். நான் படம் எடுக்கல. அவங்க எழுதினதைத்தான் நான் எழுதணும்.” அவர் குரலில் கொஞ்சம் சூடேறியிருந்தது.

சிவனேஸ்வரி தாளை மேசையில் வைத்தாள். “அப்ப வேறை ஆரையும் வைச்சு வாசியுங்கோ” என்றாள். அதையும் கத்தாமல்தான் சொன்னாள்.

வரதராசா எழுந்து வந்தார். “இரண்டு பேரும் கீழை போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ. பிள்ளையை நான் பாக்கிறன்.”

கீழே தேநீர்க்கடையில் கூட்டம். ஓர் ஓரமாக நின்றுகொண்டார்கள். சூசைநாதன்தான் முதலில் வாய் திறந்தார்.

“நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனா எனக்குப் புரியல. ஏன் அந்த ஒரு வார்த்தை?”

அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“என்ரை அவரின்ரை பேர் பாலேந்திரன். கூட்டுறவுச் சங்கக் கடை லொறி ஓடினவர். 2009 மே மாசம் கடைசிச் சண்டையிலை வட்டுவாகல் பாலம் தாண்டி ஆமிப் பக்கம் வந்தாப்பிறகு, ஆம்பிளையளிலை கொஞ்சப் பேரைப் பிரிச்சு பஸ்ஸிலை ஏத்தினவை. விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டவை. நான் பிள்ளையோடை கம்பிக்கு இஞ்சாலை நிண்டன். ஏறேக்கை திரும்பிப் பாத்துக் கை காட்டினவர். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

சூசைநாதன் தன் கோப்பையை ஓரத்துப் பலகையில் வைத்தார்.

“விசா புதுப்பிக்கிற பிரிபெக்சரிலை ஒவ்வொருமுறையும் ‘வெவ்’தானே எண்டு கேப்பினம். விதவையோ எண்டு. நோன் எண்டுவன். அப்ப மனுசன் எங்கை எண்டு கேப்பினம். தெரியாது எண்டுவன். என்னத்தை எழுதிறது எண்டு அவைக்கும் விளங்காது. ஊரிலை என்ரை மாமிகூட பொட்டை அழிச்சுப்போட்டு நிம்மதியா இரு எண்டு சொல்லுறா. செத்தவர் எண்டு சொன்னால் எல்லாருக்கும் சுகம். நான் காணேல்லையே. காணாததை என்ரை வாயாலை எப்பிடிச் சொல்ல?”

பிறப்பு, திருமணம், இறப்பு என்று மூன்றையும் நாள் முழுக்கப் பதிகிற மனிதர் அவர். காணாமல் போனவர்களைப் பற்றிச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். முதலில் நீதிமன்றத்தில் பதிந்து, பத்து வருடம் காத்திருந்தால், மறுபடி போய், அந்த ஆளை இல்லாதவர் என்று அறிவிக்கச் செய்யலாம்; திருமணமும் அதோடு முடிந்துவிடும். அது நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டார். அன்று மாலை அவளை ஆர்.ஈ.ஆர் வரைக்கும் கூட்டிப்போய், அடுத்த வாரம் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்று நினைத்து வந்திருந்தார். அதையும் சொல்லவில்லை.

மேலே போனதும் பேனாவை எடுத்து ‘இறந்தது’ என்பதை வெட்டி, ‘நின்றது’ என்று எழுதினார். “வாசிங்க” என்றார்.

அவள் வாசித்தாள். ஒரே தடவையில் சரியாக வந்தது. மலைக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்த அந்த மிச்ச ரயிலின் கதையையும் அன்றே வாசித்து முடித்தாள். நாட்டு ரயில்களையெல்லாம் ஒரே நிறுவனத்தின் கீழ் கொண்டுவந்தபோது, அந்த நடுக் கம்பனி சேர மறுத்தது. பதின்மூன்று வருடம், டென்வருக்கும் யூட்டாவின் உப்பு ஏரிப் பகுதிக்கும் இடையே, அதே கண்ணாடிக் கூடாரங்களோடு தன் பாட்டில் ஓடியது. பிறகு அதுவும் சேர்ந்தது. பழைய பெயரை மறுபடி சூட்டிக்கொண்டு, சிக்காகோவிலிருந்து மேற்குக் கரைக்கு ரயில் முழுத் தூரமும் புறப்பட்டது. இன்றைக்கும் ஓடுகிறது.

படம் ஆனி மாதம் ஒளிபரப்பானது. யாழ்ப்பாணத்து யாழ்தேவி ரயிலைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை இல்லை என்று சண்டை பிடிக்க இரண்டு பேர் அழைத்தார்கள். வாசித்த பெண் யார் என்று கேட்டுப் பலர் அழைத்தார்கள். வரதராசாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. திமிங்கிலம், எரிமலை, பாண் சுடும் வரலாறு என்று படங்களாகப் பிடித்துக்கொண்டு வந்தார். சூசைநாதன் எழுத, சிவனேஸ்வரி வாசிக்க, ஞாயிறுகள் அப்படியே போயின. எழுதும்போதே அவள் எந்த இடத்தில் நிற்பாள் என்று அவருக்குத் தெரிய ஆரம்பித்தது. சிலவேளை வேண்டுமென்றே ஒரு பிழையான வார்த்தையை விட்டுவைத்தார், அவள் நிமிர்ந்து பார்க்கட்டும் என்று.

அவள் பேச்சில் ஒரு மாற்றம் வந்திருந்தது. அதை முதலில் கவனித்தது வரதராசாதான். எல்லோரையும் போல சூசைநாதனையும் அண்ணை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், எப்போது என்று தெரியாமல் அதை விட்டுவிட்டாள். ‘நீங்கள்’ என்று மட்டும் சொன்னாள். பெயரும் இல்லை, முறையும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து, ஓர் இலையுதிர் காலப் பின்னேரம், பதிவு முடிந்து இறங்கி வரும்போது சூசைநாதன் கேட்டார். லா சப்பல் மெத்ரோவுக்குப் பக்கத்தில், காற் து நோருக்குப் போகும் தண்டவாளங்களைப் பார்த்தபடி நின்றார்கள். சுதர்சனா அன்று கூட வரவில்லை.

“நான் சுத்தி வளைக்கத் தெரியாதவன். நாம சேர்ந்து இருந்தா எனக்கு சந்தோஷமா இருக்கும். உங்களுக்கு எப்படின்னு தெரியல.”

கீழே போன ரயிலைக் கடைசிப் பெட்டிவரை பார்த்துவிட்டு அவள் சொன்னாள்:

“அவர் செத்தவர் எண்டு நான் ஒரு இடத்திலையும் கையெழுத்து வைக்கமாட்டன்.”

“நான் அதக் கேக்கல.”

“அப்ப கலியாணம் இல்லை. உங்கடை கோயில்லையும் இல்லை, எங்கடை கோயில்லையும் இல்லை, நகரசபை மெறியிலையும் இல்லை. சனம் என்ன கதைக்கும் எண்டு தெரியுமோ?”

“பேசட்டும்.”

“நாளைக்கே அவர் வந்து கதவைத் தட்டினால்?”

சூசைநாதன் யோசித்தார். பொய் சொல்ல விரும்பவில்லை. “உள்ள வாங்கன்னு சொல்வேன். அப்புறம் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்.”

சிவனேஸ்வரி அவரை நேராகப் பார்த்தாள். “எனக்கு இப்ப ஏலாது” என்றாள். “ஆனா நீங்கள் ஞாயிற்றுக்கிழமையிலை வராமல் விட்டிடாதையுங்கோ.”

அவர் வராமல் இருக்கவில்லை. அதைப் பற்றி மறுபடி கேட்கவும் இல்லை.

2019இல், ஊரில் போர் முடிந்ததன் பத்தாவது வருட நினைவுநாள் வந்தது. ஒவ்வொரு மே பதினெட்டும் சிவனேஸ்வரி பாலேந்திரனின் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, ஊர்வலத்தில் ஏந்திப் போவாள். காணாமல் போனவர்களின் படங்களோடு பெண்கள் ஒரு வரிசையாகப் போவார்கள். அந்த வருடம் விடுதியில் மெத்தைகளைத் தூக்கித் தூக்கி அவளுக்கு வலது தோள் பிடித்துக்கொண்டிருந்தது. பாதி வழியில் படம் சரியத் தொடங்கியது. இடது கைக்கு மாற்றினாள். சுதர்சனா தன் கையிலிருந்த பதாகையோடு திணறிக்கொண்டிருந்தாள்.

பின்னாலிருந்து ஒருவர் முன்னே வந்தார். சூசைநாதன். அவரை அவள் வரச் சொல்லியிருக்கவில்லை. காலையிலிருந்து கூட்டத்தின் கடைசியில் நடந்து வந்திருக்கிறார்.

“குடுங்க, கொஞ்ச தூரம் நான் புடிச்சுக்கறேன்.”

அவள் கொடுத்தாள். அவர் பாலேந்திரனின் படத்தை நெஞ்சுக்கு நேரே, முகம் முன்னால் தெரியும்படி பிடித்துக்கொண்டு, பெண்களின் வரிசையில் நடந்தார். எதிரே நின்றவர்கள் பார்த்தார்கள். வெள்ளை மீசை வைத்த ஒரு பாண்டிச்சேரிக்காரர் ஏன் அந்த வரிசையில் போகிறார் என்று சிலர் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். அவர் படத்தை ஒருமுறைகூடச் சரியவிடவில்லை. கூட்டம் முடிந்தபோது சட்டத்தின் கண்ணாடியைத் தன் கைக்குட்டையால் துடைத்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

சிவனேஸ்வரி படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் இருந்த இடத்தில் மாட்டினாள். மனத்தில் பாரம் இருந்தது. ஆனால் அது பழைய பாரம் இல்லை. யாரோ ஒரு பக்கம் பிடித்திருக்கிற மாதிரி இருந்தது. சமைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள்.

“பொண்டியிலை அந்த ஐயாவின்ரை வீட்டு மேல்மாடி சும்மா கிடக்குது. நாங்கள் அங்கை போவமோ?”

சுதர்சனாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் பிரெஞ்சில் கேட்டாள், தனக்கென்று ஓர் அறை இருக்குமா என்று. இருக்கும் என்றாள் தாய். “தாக்கோர்” என்றாள் மகள். சரி என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள். சிறிது நேரம் கழித்துத் தானாகவே, “அப்பான்ரை படத்தை வரவேற்பறையிலை மாட்டலாம்தானே?” என்று தமிழில் கேட்டாள்.

“ஓம். அதுதான் முதல் மாட்டிறது.”

ஆவணி கடைசியில் குடிபோனார்கள். லூடோவிக் லியோனிலிருந்து வந்து கட்டில்களை மேலே ஏற்றிக் கொடுத்தான். மேல்மாடியில் தாயும் மகளும், கீழே சூசைநாதன். சமையல் கீழே. முதல் வாரம் மீன்குழம்பில் யார் எவ்வளவு புளி விடுவது என்பதில் கொஞ்சம் தகராறு நடந்து, பிறகு அவரவர் நாள் என்று முடிவாகியது.

மாதம் ஒன்று போயிருக்கும். சிவனேஸ்வரியும் சூசைநாதனும் மரக்கறி வாங்க ஃபொபூர் சேன்-தெனிக்கு வந்தார்கள். கடைக்காரி இந்திராதேவிக்குத் தெரு முழுதும் நடப்பது தெரியும். கத்தரிக்காயை நிறுத்தபடி, கண்ணால் சூசைநாதனைக் காட்டிக் கேட்டாள்:

“பொண்டிக்குக் குடிபோயிட்டியாம் எண்டு கேள்விப்பட்டன். ஆர் இவர், பிள்ளை?”

சிவனேஸ்வரி முருங்கைக்காயைத் தெரிந்தெடுத்துக்கொண்டே சொன்னாள்:

“வீட்டுக்காரர்.”

இந்திராதேவி “ஓ” என்று தலையாட்டினாள். அவள் ஊரில் அந்தச் சொல்லுக்கு வீட்டுச் சொந்தக்காரர் என்றுதான் பொருள். பாண்டிச்சேரியில் ஒரு பெண் அப்படிச் சொன்னால் புருஷன் என்று பொருள். இரண்டும் சிவனேஸ்வரிக்குத் தெரியும் என்பது சூசைநாதனுக்குத் தெரியும். நாலு வருடமாக அவருடைய தமிழை வரி வரியாகத் திருத்தியவள் அவள்.

அவர் எந்தப் பொருள் என்று கேட்கவில்லை. பையை வாங்கிக்கொண்டார். காதுமடல் மட்டும் கொஞ்சம் சிவந்திருந்தது.

“கறிவேப்பிலை எடுத்தியளோ?” என்றாள் அவள்.

“இல்ல, மறந்துட்டேன்.”

“போய் எடுங்கோ. நல்லதாப் பாத்து எடுங்கோ.”